இந்த ஆனியில் எனக்கு வராத மேகங்கள்

சாமி,

வீட்டுச் சேதி, உடம்புச் சேதி, யார் வீட்டில் என்ன விசேஷம் என்பதெல்லாம் அம்மா தினமும் ஃபோனில் சொல்லிவிடுகிறாள். நம் மணி ஆடு குட்டி போட்டதும், அதில் ஒன்று வெள்ளை என்பதும்கூட டென்மார்க் வரைக்கும் வந்திருக்கும். அதனால் நலம் விசாரிப்பதை அவளிடமே விட்டுவிட்டு, எனக்கு இருக்கிற ஒரே விஷயத்தை எழுதுகிறேன். ஃபோனில் சொல்லலாமே என்று கேட்பாய். நமக்குள் ஃபோன் என்றால் "சாப்பிட்டயா?", "சாப்பிட்டேனுங்ப்பா". அவ்வளவுதான். அதற்கு மேல் உனக்கும் வராது, எனக்கும் வராது, நான் உடனே "இந்தா அம்மாகிட்டப் பேசு" என்று கொடுத்துவிடுவேன். கடிதம் உனக்குத்தான், ஆனால் இதை ஒட்டி மூடப் போவதில்லை. யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். நான் செய்த காரியத்தை நாலு ரோட்டில் ஆள் உயரத்துக்கு மேல் கட்டி வைத்தேன், ஊரே நின்று பார்த்தது. அதற்கான சமாதானத்தை மட்டும் உன் காதுக்குள் சொன்னால் அது நியாயமாகாது.

உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். நான் வெண்ணந்தூர்ப் பக்கத்தில் ஒரு ஜவ்வரிசி ஆலையில் களத்து மேஸ்திரி. மரவள்ளிக் கிழங்கை அரைத்து, பாலெடுத்து, மாவைக் குருணையாக்கி, வறுத்து, கடைசியில் சிமெண்டுக் களத்தில் பரப்பி வெயிலில் காயப்போடுவோம். அதுவரைக்கும் மெஷின் பார்த்துக்கொள்ளும், களத்தில் மட்டும் வெயில்தான் மெஷின். போதமலைப் பக்கம் ஒரு கறுப்பு தெரிந்தால் போதும், எல்லோரும் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். நனைந்தால் புளித்துவிடும், நிறம் போய்விடும், வியாபாரி கையில் அள்ளிப் பார்த்துவிட்டு மூஞ்சியைச் சுளித்துக்கொண்டு போய்விடுவான். அதனால் எங்களுக்கு மேகம் என்பது அண்ணாந்து ரசிக்கிற சங்கதி அல்ல. விவசாயி மழைக்காகச் சாமி கும்பிடுவான், அதே நேரத்தில் நான் பக்கத்தில் நின்று வேண்டாமென்று கும்பிடுவேன். இரண்டு பேரும் ஒரே மாரியாத்தாளைத்தான் கும்பிட்டோம், பாவம் அவள் என்ன செய்வாள்!

இப்படிப்பட்டவனுக்குத்தான் நீ முதல்முதலாக அந்தப் படத்தை அனுப்பினாய். நீ டென்மார்க் போய்க் காற்றாலைக் கம்பெனியில் சேர்ந்த அடுத்த ஆனி மாதம். கீழே கறுப்பாக மரங்கள், மேலே கோடு கோடாக என்னவோ மங்கலாக இழுத்துவிட்டிருந்தது. நான் பதறிப்போய், "மழ வருமாட்ட இருக்குதே சாமி, துணியெல்லாம் எடுத்து உள்ள போட்டயா?" என்று வாய்ஸ் அனுப்பினேன். நீ விழுந்து விழுந்து சிரித்ததை நான் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். "இதுல மழையே வராதுங்ப்பா. இது நம்ம மேகமாட்ட இல்லீங்க. மழ மேகத்துக்கும் எத்தனையோ மடங்கு மேல, வானத்தோட கூரைகிட்ட இருக்குதுங்க. எரிஞ்சு உழுகற நட்சத்திரத் தூசு மேல பனி ஒட்டி இப்படி ஆகுதுங்க. இங்க இருட்டினாலும் அத்தனை உசரத்துல வெயில் படுதுங்க, அதான் மின்னுது" என்று எனக்குப் பாடம் எடுத்தாய். இரவொளிர் மேகம் என்று தமிழில் பெயரும் சொன்னாய். நம் ஊரில் எந்நாளும் தெரியாது, வடக்கே தள்ளித்தான் தெரியும், அதுவும் வைகாசிக் கடைசியிலிருந்து ஆடி முடிகிற வரைக்கும்தான் என்றாய். மழையும் பெய்யாது, களத்துக்குக் கேடும் இல்லை, அப்படி ஒரு மேகம் உலகத்தில் இருக்கிறது என்று கேட்டதே எனக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது.

அதிலிருந்து ஒவ்வொரு ஆனியிலும் உன் படங்கள் வந்தன. ஆனியில் ஆலையில் வேலை குறைவு. இருந்தாலும் கால் கேட்காது, விடிவதற்கு முன்பே வெறும் களத்தில் போய் உட்கார்ந்திருப்பேன். அப்போது உனக்கு அங்கே நடுராத்திரி. செல் சிணுங்கும். கூடவே நீ சொல்லும் கதையும் வரும். கடலோரத்தில் வடக்குப் பார்த்து ஸ்டாண்டை நட்டு, கேமராவை வைத்து, அசையாமல் இருக்கக் கையை எடுத்துவிட்டு விநாடியை எண்ணிக்கொண்டு நின்றேன் என்பாய். காற்று அடித்தால் படம் கலங்கிவிடும், அதனால் ஸ்டாண்டில் தண்ணீர்க் கேனைக் கட்டித் தொங்கவிட்டேன் என்பாய். பாதி நாள் மேகம் வராது, விறைத்துப் போய் வெறுங்கையோடு வந்து படுத்தேன் என்பாய். நான் "நாய் தொரத்தாதா சாமி?" என்று கேட்பேன். "இங்க தெருநாயே இல்லீங்ப்பா" என்பாய். அதை நான் இன்று வரைக்கும் நம்பவில்லை. இருபது வருஷத்தில் நாம் பேசாத பேச்சையெல்லாம் அந்த மேகத்தைச் சாக்கு வைத்துப் பேசினோம்.

இனி உண்மையைச் சொல்கிறேன். அந்தப் படங்களில் என்ன அழகு இருக்கிறது என்று எனக்கு ஒரு நாளும் தெரிந்ததில்லை. எனக்கு அது அரிசி கழுவின தண்ணீர் மாதிரிதான் தெரிந்தது. ஒவ்வொரு தடவையும் "சூப்பரா இருக்குது சாமி" என்று அனுப்பினேன். நீ தூங்காமல் நின்று எடுத்தது, அதை முதலில் எனக்கு அனுப்ப வேண்டுமென்று உனக்குத் தோன்றியது, அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. மேகத்தை நான் எங்கே பார்த்தேன்!

போன வருஷம் உன் படம் ஒன்றை அங்கே ஒரு கண்காட்சியில் வைத்தார்கள் என்று சொன்னாய். எனக்குத் தலைகால் புரியவில்லை. களத்தில் இருக்கிற பொம்பளையாட்கள் எல்லோருக்கும் செல்லைக் காட்டினேன். உன் மாமன் சும்மா இருப்பானா? உன் அம்மா கூடப் பிறந்தவன்தானே, வாய் அவளுக்கு மேல். "ஏனுங் மச்சா, ஒண்ணுமில்லாத பயலுவெல்லாம் காதுகுத்துக்கே ஃப்ளக்ஸ் வெக்கறானுங்க. நம்ம பையன் வெளிநாட்டுல பேரு வாங்கியிருக்கறான், ஆடி நோம்பிக்கு நாலு ரோட்டுல ஒண்ணு கட்டிப்போட வேண்டாமுங்களா?" என்றான். எனக்கும் ஆசை. இரண்டு பேரும் ராசிபுரம் போய் ஃப்ளக்ஸ் கடையில் உட்கார்ந்தோம். கம்ப்யூட்டரில் இருந்த தம்பி உன் படத்தைத் திறந்து பார்த்துவிட்டு, "ஏனுங்ணா, ரொம்ப சிம்பிளா இருக்குதுங்களே. பௌர்ணமி நிலா ஒண்ணு வெச்சு, ரெண்டு மின்னல் உட்டு, செவச் செவன்னு அடிச்சு உட்டுட்டமுன்னா சும்மா தூக்குமுங்க" என்றான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அழகாப் பண்ணு சாமி" என்றேன்.

என்மேல் மட்டும் குற்றமில்லை, எங்கள் காலத்துப் பழக்கம் அது. எங்கள் கல்யாண ஆல்பத்தை எடுத்துப் பார். அம்மாவையும் என்னையும் ஒரு தாமரைப் பூவுக்குள் உட்கார வைத்து, பின்னால் நயாகரா அருவியை ஓடவிட்டிருக்கிறார்கள். அம்மா உதட்டுக்குச் சிவப்பு, என் கன்னத்துக்கும் சிவப்பு. நாங்கள் நயாகராவுக்குப் போனோமா என்று யாரும் கேட்கவில்லை. படம் என்றால் இருப்பதைவிடக் கொஞ்சம் தூக்கிக் காட்ட வேண்டும், அதுதான் படத்துக்குச் செய்கிற மரியாதை என்று நினைத்தவர்கள் நாங்கள். அதையேதான் உன் மேகத்துக்கும் செய்தேன். நிலா வந்தது, மின்னல் வந்தது, "வானை வென்ற எங்கள் வம்ச விளக்கே" என்று எழுத்து வந்தது, கீழே வரிசையாக நான், மாமன், பங்காளிகள், கோட்டுப் போட்டபடி நீ. கட்டி முடித்து எதிர்த்தாற்போல் டீக்கடையில் உட்கார்ந்து நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாமன் மகன் அதைப் படம் எடுத்து ஃபேஸ்புக்கில் உன் பேரோடு போட்டுவிட்டான். உங்கள் படம் எடுக்கிறவர்கள் கூட்டத்தில் எவனோ ஒருத்தன் அதைப் பார்த்துவிட்டு, அப்படியானால் கண்காட்சியில் வைத்ததிலும் நீ இப்படி ஏதாவது ஒட்டியிருப்பாயோ என்று கேட்டுவிட்டான் என்று பிறகு அம்மா மூலமாகத்தான் எனக்குத் தெரிந்தது. உங்கள் தொழிலில் அது எவ்வளவு பெரிய சொல் என்று எனக்கு அப்போது தெரியாது. நீ கூப்பிட்டாய். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், தீர்ந்திருக்கும். "அது என்னோட படமே இல்லீங்ப்பா" என்று மட்டும் சொன்னாய். அப்புறம், "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாய்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. பெற்றவன் ஆசையாகச் செய்ததை ஒரு வார்த்தை நல்லா இருக்குதென்று சொல்ல மாட்டானா, அப்படியென்ன பெரிய படம், என்று வீட்டில் தாம்தூம் என்று குதித்தேன். அம்மா சோற்றைப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். நோம்பித் திருவிழா முடிந்ததும் ஃப்ளக்ஸை அவிழ்த்து வந்து ஆட்டுக் கொட்டகைக்கு மேல் போட்டோம், மழைக்கு ஒழுகாமல் நன்றாகத்தான் இருக்கிறது. நீ அதற்குப் பிறகு படம் அனுப்பவில்லை. ஆடி முடிந்தால் அந்த மேகம் வராது என்று நீயே சொல்லியிருந்தாயா, மேகம் இல்லை, அதனால் படம் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். என்னை நானே ஏமாற்றிக்கொள்ள அந்தக் கணக்கு வசதியாக இருந்தது. உனக்கு ஓமலூரில் பெண் பார்த்துப் பேசி முடித்தோம், வருகிற ஆவணியில் முகூர்த்தம் குறித்தோம். நீயும் எல்லாவற்றுக்கும் "சரிங்ப்பா" என்றாய். எனக்கும் பழைய விஷயம் முடிந்தது என்ற நினைப்பு.

இந்த வைகாசி வந்தது. ஒரு நாள் காலையில் அம்மா உன்னிடம் பேசிவிட்டு, "ராத்திரி பூரா மேகத்தப் படம் புடிச்சானாமா, கண்ணே தொறக்க முடீலயாமா, தூங்கட்டும்" என்று சொல்லிக்கொண்டே அடுப்படிக்குப் போனாள். நான் செல்லை எடுத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. நெட் இல்லையோ என்று வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். மாடிக்கும் போய்ப் பார்த்தேன். மேகம் வந்திருக்கிறது, நீ எடுத்திருக்கிறாய், எனக்கு மட்டும் அனுப்பவில்லை. நான் அன்றைக்குத்தான் புரிந்துகொண்டேன் சாமி. அன்று என்னால் சாப்பிட முடியவில்லை.

இதற்கு நடுவில் என் கண் கதை ஒன்று இருக்கிறது. கண் ஆபரேஷன் நடந்தது என்று மட்டும்தான் அம்மா உன்னிடம் சொல்லியிருப்பாள். சித்திரையில் களத்தில் பெரிய சண்டை. ஜவ்வரிசி பழுப்படித்திருக்கிறது, யார் தார்ப்பாயை லேட்டாக மூடினது என்று எல்லோரையும் கிழித்தெடுத்தேன். ஓனர் வந்து பார்த்துவிட்டு வெள்ளை வெளேரென்றுதான் இருக்கிறது மேஸ்திரி என்றார். இத்தனை வருஷம் வெள்ளையை நான் சொல்லி அவர் கேட்டதுதான் வழக்கம். எனக்கு மானம் போயிற்று. வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிக் குதித்தபோது அம்மா, "மாவுல இல்லீங்க பழுப்பு, உங்க கண்ணுல இருக்குது. என்ற பச்சச் சீலையையும் நீலச் சீலையையும் ஒண்ணுங்கறீங்க, நானும் சொல்ல வேண்டாமுன்னு இருந்தேன்" என்றாள். சேலத்தில் காட்டினோம். ரெண்டு கண்ணிலும் புரை முற்றிவிட்டது என்று வலது கண்ணுக்கு மட்டும் முதலில் லென்ஸ் வைத்தார்கள். இடது கண் உன் கல்யாணம் முடிந்த பிறகு.

கட்டைப் பிரித்து வீட்டுக்கு வந்தபோது வாசலில் தார்ப்பாய் காய்ந்துகொண்டிருந்தது. "புதுத் தார்ப்பாய் எப்ப வாங்குன?" என்று அம்மாவைக் கேட்டேன். "அது பழசுதானுங்க" என்றாள். அப்படி ஒரு நீலம்! நான் அது வெளுத்துப் போய்ச் சாம்பலாகிவிட்டது என்றல்லவா கடைக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தேன். வலது கண்ணை மூடினேன், அழுக்குச் சாம்பல். இடது கண்ணை மூடினேன், நீலம். புரை விழுந்தால் முதலில் போவது நீலம்தான், கொஞ்சம் கொஞ்சமாகப் போவதால் போனதே தெரியாது என்று பிறகு டாக்டரம்மா சொன்னார்கள். அந்த வாசலிலேயே எனக்குச் சுருக்கென்றது. செல்லை எடுத்தேன். நீ அனுப்பிய பழைய படம் ஒன்றைத் திறந்தேன்.

அடேயப்பா! என்னவென்று சொல்வேன் சாமி. அரிசி கழுவின தண்ணீர் என்று நினைத்தது அத்தனையும் நீலம். வெள்ளியில் நீலத்தைக் கரைத்து விட்ட மாதிரி, மணலில் காற்று வரி போடுமே, அப்படி வரி வரியாக வானம் பூரா. கீழே கடலிலும் அதே நீலம். ஒவ்வொரு வருஷத்துப் படமாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். நின்றபடியே அழுதுவிட்டேன், கண்ணில் தண்ணீர் படக்கூடாது என்று அம்மா வந்து திட்டினாள். இதன் மேலா நான் நிலாவை வைக்கச் சொன்னேன்? இதற்கா மின்னல்? இவ்வளவையும் நீ எனக்குத் தேடித் தேடி அனுப்பியிருக்கிறாய், நான் பார்க்காமலே சூப்பர் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். கண் தெரியாததற்கு நான் பொறுப்பில்லை. தெரியவில்லை என்று உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "எனக்கு ஒண்ணும் புரியல சாமி, இதுல என்ன அழகு?" என்று ஒரே ஒரு தடவை கேட்டிருந்தால், "நீலம் தெரியலீங்களா?" என்று நீயே கண்டுபிடித்திருப்பாய்.

உனக்குச் சொல்லுகிற புத்திமதி இது ஒன்றுதான், மற்றதெல்லாம் முகூர்த்தத்தன்று பெரியவர்கள் மைக் பிடித்துச் சொல்வார்கள். கட்டிக்கொள்ளப் போகிறவளிடம் புரியாததைப் புரிந்தது மாதிரி தலையாட்டாதே. நல்லா இருக்குது என்று சொல்லிவிட்டால் வீட்டில் சண்டை வராது என்பது உண்மைதான். நானும் அம்மாவிடம் அப்படித்தான் காலம் தள்ளினேன், அவள் எடுத்த சேலையெல்லாம் நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னேன். அவள் பச்சை என்றும் நீலம் என்றும் பார்த்துப் பார்த்து எடுத்ததை நான் ஒரே நிறமாகப் பார்த்தேன் என்று தெரிந்தபோது அவள் சிரிக்கத்தான் சிரித்தாள். ஆனால் அன்றைக்கு பீரோவைத் திறந்து ஒவ்வொரு சேலையாக எடுத்து, "இது என்ன கலரு, சொல்லுங்க பாக்கலாம்" என்று ஒரு மணி நேரம் என்னை விடவில்லை.

போன வாரம் முகூர்த்தப் பட்டு எடுக்க, ஆடி பிறப்பதற்குள் முடித்துவிடலாமென்று, ரெண்டு குடும்பமும் சேலத்தில் கூடினோம். பொம்பளைகள் கவுண்டரில் உட்கார்ந்த பிறகு உனக்குப் பார்த்த பெண் என் பக்கத்தில் வந்து, "மாமா, இந்தப் படம் பாத்தீங்களா? நேத்து வந்ததுங்க" என்று செல்லை நீட்டினாள். உன் மேகம். இந்த வருஷத்து மேகம். ஊசி மாதிரிக் கூராக, நடுவில் சுழி விழுந்து, கண்ணைப் பறிக்கிற நீலம். நான் வாங்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். "உங்களுக்கு வரலீங்களா மாமா?" என்று கேட்டாள். "வந்துச்சு கண்ணு, காலீலயே பாத்துட்டேன்" என்று சொல்லிவிட்டேன். மேலே அந்தப் புத்திமதியை எழுதினவன் செய்த காரியத்தைப் பார்! பொய் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும், நல்ல பெண், அடுத்த படத்தைத் தள்ளிக் காட்டினாள். படம் அவளுக்குப் போவதுதான் முறை. பொறாமை இல்லை என்று சொன்னால் அதுவும் பொய். முதலில் எனக்கு வந்துகொண்டிருந்தது, சாமி.

படம் எடுக்கிற கூட்டத்தில் ஒருத்தன் உன்மேல் சந்தேகப்பட்டுக் கேட்டானே, அதற்கு என்ன செய்வதென்று மாமன் மகனைக் கேட்டேன். ஃப்ளக்ஸில் ஒட்டியதெல்லாம் என் வேலை, என் மகனுக்குத் தெரியாது, அவன் படத்தில் ஒரு பொட்டுகூடச் சேர்த்ததில்லை என்று நான் சொல்லச் சொல்ல அவன் இங்கிலீஷில் டைப் செய்து ஃபேஸ்புக்கில் அந்த ஃப்ளக்ஸ் படத்துக்குக் கீழேயே என் பேரில் போட்டிருக்கிறான். யாராவது படிப்பார்களா, உனக்கு அதனால் நல்லது நடக்குமா, தெரியாது. கொட்டகையிலிருந்து ஃப்ளக்ஸையும் எடுத்துவிடட்டுமா என்று அம்மாவைக் கேட்டேன். ஆடுகள் நனையும், கல்யாணம் முடியட்டும் என்றாள். அதில் அவள் சொல்வதுதான் சரி.

நீ ஆவணியில் வருவாய். மாலை போட்டுக்கொண்டு நிற்பாய், ஆயிரம் பேர் சுற்றி இருப்பார்கள், நீயும் நானும் "சாப்பிட்டயா", "சாப்பிட்டேனுங்ப்பா" என்றுதான் பேசிக்கொள்வோம். அதற்குள் அங்கே மேகக் காலமும் முடிந்திருக்கும். ஆடி இன்னும் முழுசாக இருக்கிறது. இப்போதும் விடிவதற்கு முன் களத்தில் போய் உட்காருகிறேன், செல்லைக் கையிலேயே வைத்துக்கொண்டு, சார்ஜ் நிறையப் போட்டு. நல்ல படமாக இருக்க வேண்டியதில்லை. காற்றடித்துக் கலங்கினது, சரியில்லை என்று நீ கழித்துப் போட்டது, எதுவானாலும் சரி. இந்தத் தடவை சூப்பர் என்று எழுத மாட்டேன், பார்த்துவிட்டு என்ன தெரிந்ததோ அதைச் சொல்கிறேன். எனக்கு ஒன்று அனுப்பு. அப்பன்மேல் கோபம் இன்னும் ஆறவில்லை என்றால், கோபத்தோடேயே அனுப்பு சாமி.

அப்பா